பார்சல் கட்ட முடியாத பூரி

விசேஷத்துக்குச் சமையல் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: எது நல்லபடியாக நடந்தாலும் அது கடவுள் புண்ணியம், எது கெட்டுப்போனாலும் அது சாம்பார்.

மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் விருந்து ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எத்தனை பேர், எத்தனை மேசை, யாருக்கு எது ஆகாது, குடிக்க எப்போது என்ன கொடுப்பது என்று திட்டம் போடுவதுதான் வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஊர் திரும்பி, கவரைப்பேட்டையில் ஒரு ஷெட், நாலு அண்டா, பாபு மாஸ்டர் என்ற சமையல்காரர், இவ்வளவையும் நம்பித் தொழில் ஆரம்பித்தேன். நான் போர்டு மாட்டுவதற்காகவே காத்திருந்த மாதிரி கொரோனா வந்தது. பிறகு ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது, ஆறடி தள்ளி உட்கார வேண்டும், முகக்கவசம் கட்டாயம். அந்த நாட்களில் விசேஷத்துக்குச் சமைத்தவர்கள், சாப்பிடப் போனவர்கள், ஐம்பதில் தன் பெயர் இல்லையென்று வீட்டில் உட்கார்ந்து கோபித்துக்கொண்டவர்கள், எல்லாருமே என்னோடு சேர்ந்து அவதிப்பட்டவர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஒரே ஒரு ஆர்டரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

வருவார்கள், ஆனால்

தனலட்சுமி என்னைத் தேடி வந்தபோது முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டன. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவருக்கு பேக்கிங் வேலை. கணவர் முனுசாமி வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் ரம்யா கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறாள். அதே ஷிப்டில் ஹரி என்று ஒரு பையன். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஹரி வீட்டார் திருப்பாச்சூர் பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ரம்யாவின் தாத்தா காலம்வரை அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள் இவர்கள். ஹரி வீட்டில் முடிவு சொல்கிறவர் அப்பா இல்லை, அப்பாவின் அண்ணன் வெங்கடாத்ரி. அந்தப் பெரியப்பா ரொம்ப நாள் முடியாது என்று சொல்லி, அப்புறம் ரொம்ப நாள் ஒன்றுமே சொல்லாமல் இருந்து, கடைசியில் நிச்சயதார்த்தத்துக்குச் சரி என்று தலையாட்டியிருந்தார்.

"அப்புறம் என்ன, சந்தோஷம்தானே?" என்றேன். தனலட்சுமி சந்தோஷப்படவில்லை. எங்கள் பக்கத்தில் 'கை நனைப்பது' என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்து போனால், தட்டு மாற்றியிருந்தாலும் அது பாதி நிச்சயம்தான். ஊரும் அப்படித்தான் பேசும், அந்தப் பேச்சைப் பெண்தான் சுமக்க வேண்டும். ஹரியின் பெரியப்பா இந்தத் தெருவில் இதுவரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தனலட்சுமி கவசத்தை இறக்கிக்கொண்டு சொன்னார்: "வரேன்னு சொல்லிட்டாங்க மேடம். சாப்புடறேன்னு யாரும் சொல்லல."

எதைக் கட்ட முடியாது?

என்னிடம் திட்டம் தயாராக இருந்தது. ஆளுக்கொரு அட்டைப் பெட்டி, அதற்குள் கலந்த சாதம், இனிப்பு, வடை. குடிக்க மூடி போட்ட பாட்டில் கலர். யார் கையும் யார் சாப்பாட்டிலும் படாது. ஓட்டலில் இருந்தபோது இப்படி ஒரு திட்டத்துக்குப் பாராட்டு மடலே வாங்கியிருப்பேன். தனலட்சுமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வாங்கிகினு போயி, வழியில மாட்டுக்குக் கொட்டினா எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்று கேட்டார். கலர் பாட்டிலும் வேண்டாம் என்றார். மூடி போட்ட பாட்டிலைக் குடித்தால் கடையில் குடித்த மாதிரிதானாம், இவர்கள் வீட்டில் குடித்த மாதிரி ஆகாதாம். எனக்குச் சுருக்கென்றது. மிகச் சுத்தமான திட்டம் என்று நான் நினைத்தது, தப்பித்துப்போக நினைக்கிறவருக்கு நானே போட்டுக் கொடுத்த பாதை.

ஆக, கேள்வி மாறிவிட்டது. உலகமே எதைப் பார்சல் கட்டலாம் என்று யோசித்த நாட்களில் நானும் பாபு மாஸ்டரும் எதைக் கட்டவே முடியாது என்று யோசித்தோம். ரசம்? கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பாயசம்? அதற்கும் கவர் உண்டு. ஐஸ்கிரீம் என்றேன். உமி போட்டு மூடி ஊத்துக்கோட்டை வரை கொண்டு போனவரைத் தனக்குத் தெரியும் என்றார் மாஸ்டர். தமிழன் பார்சல் கட்ட முடியாத பண்டம் இந்த மண்ணில் உண்டா என்றே சந்தேகம் வந்துவிட்டது. மாஸ்டர் மோட்டுவளையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஏதோ பரம்பரை நகையை எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னார்: "பூரிம்மா. உப்பிகினு வர்ற பூரியை எந்தக் கொம்பனாலயும் பார்சல் கட்ட முடியாது."

டேப்பு

தெருமுனையில் இருந்த காலி மனையில் பந்தல் போட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆறடிக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் இலை போட ஒரு ஸ்டூல். நம் ஜனங்களை நீங்கள் அறிவீர்கள். நாற்காலியை ஆறடி தள்ளிப் போட்டால், நாம் திரும்புவதற்குள் அதை இழுத்துக்கொண்டு போய் அக்கா தங்கை, மாமன் மச்சான் என்று குவிந்துவிடுவார்கள். அதற்கும் முனுசாமி ஒரு வழி செய்தார். கம்பெனியில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையைக் கொண்டுவந்து, பந்தலுக்குள் முளையடித்து, ஒவ்வொரு நாற்காலியையும் முளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். "லாரில ஏத்தி டெல்லிக்கு அனுப்பினாலும் ஆடாது" என்று தட்டிக் காட்டினார்.

நான் கோலமாவால் வட்டம் போட்டுக்கொண்டே போக, தனலட்சுமி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசி வரிசை வந்ததும் டேப்பைப் பார்த்துச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "இதுக்கு டேப்பே வேணாம் மேடம். எங்க அப்பா இருந்திருந்தா கண்ணாலயே அளந்து காட்டியிருப்பாரு. கூலி வாங்க அவங்கமாதிரி ஆளுங்க ஊட்டாண்ட போனா, அவரு நின்ன தூரம் இதான்."

பன்னீர்

மறுநாள் சாயங்காலம் வேன் வந்து நின்றது. பந்தல் வாசலில், வழக்கமாகப் பன்னீர்ச் செம்பு வைக்கிற இடத்தில், காலால் மிதித்தால் கையில் மருந்து தெளிக்கும் ஸ்டாண்டு ஒன்றை நிறுத்தியிருந்தோம். முதலில் இறங்கியவர் ஹரியின் அத்தை. முனுசாமி மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு ஸ்டாண்டை மிதித்தார். அத்தை இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, பழக்கதோஷத்தில் தலையில் தெளித்துக்கொண்டு, கன்னத்திலும் கழுத்திலும் தாராளமாகத் தடவிக்கொண்டார். பின்னால் வந்த இரண்டு பெண்களும் பெரியவர் செய்ததையே செய்தார்கள். வாசலில் ஆஸ்பத்திரி வாசனை கமகமத்தது. அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனுசாமியை முறைத்தார்: "இன்னாய்யா எரியுது! பன்னீர்ல இன்னாத்த கலந்தீங்க?"

கசாயம்

வெங்கடாத்ரி கடைசியாக இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவசம். முகத்தில் தெரிந்த கொஞ்ச இடத்திலும் ஒரு உணர்ச்சியும் தெரியவில்லை. முதல் வட்டத்தில் உட்கார்ந்தார். தனலட்சுமி தானே காய்ச்சிய நன்னாரி சர்பத்தை எடுத்துக்கொண்டு போனார். "எனக்கு சுகருமா" என்றார். மோர் போனது. "சளி புடிக்கும்" என்றார். காப்பி போனது. "பித்தம்" என்றார். ஒவ்வொரு கோப்பையும் திரும்பி வந்தபோது தனலட்சுமியின் நடை இன்னும் கொஞ்சம் மெதுவானது. மற்ற உறவுக்காரர்களும் பெரியவர் குடிக்காமல் குடிக்கக் கூடாது என்று கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ரம்யா மாலையைச் சரிசெய்கிற மாதிரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் எந்த விசேஷமானாலும் ஓரத்தில் ஒரு பானை கபசுரக் குடிநீர் இருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். பாபு மாஸ்டர் அதில் ஒரு கோப்பை மொண்டுகொண்டு போய் நீட்டினார். சுகருக்கும் நல்லது, சளிக்கும் நல்லது, பித்தத்துக்கும் நல்லது என்றார். பெரியவர் சொன்ன மூன்று வியாதிக்கும் ஒரே மருந்து! அவருக்கு வேறு வழியில்லை. மருந்துதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டு கவசத்தை இறக்கி, முகத்தைச் சுளித்தபடி ஒரே மடக்கில் குடித்துவிட்டார். நான் சமையல் பக்கம் ஓடிவந்து, "குடிச்சுட்டாரு, பாத்தீங்களா!" என்றேன். தனலட்சுமி தலையை ஆட்டி மறுத்தார்: "கசாயம்லாம் கணக்குல வராது மேடம். ஆஸ்பத்திரில ஊசி போட்டுகினா கை நனைச்ச மாதிரி ஆய்டுமா?"

ஆறடி ரகசியம்

தட்டு மாற்றியாகிவிட்டது. சாஸ்திரப்படி எல்லாம் முடிந்தது, சாப்பாட்டைத் தவிர. ஆறடி தள்ளி உட்காருவதில் இருக்கும் பெரிய ஆபத்தை எந்த டாக்டரும் சொல்லவில்லை. காதில் ஓதவேண்டிய விஷயத்தை எல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். அத்தை தன் மகளைப் பார்த்து, "ஏண்டி, பொண்ணு ஹரியை விட உசரமா கீதா?" என்று கேட்டது தெருமுனை டீக்கடை வரை கேட்டது. மேடையிலிருந்து ரம்யாவே பதில் சொன்னாள்: "செருப்பக் கழட்டிட்டா சமம் அத்தை!" பந்தல் முழுக்கச் சிரித்தது. வெங்கடாத்ரி சிரிக்கவில்லை. ஆனால் அவரும் ஏதோ சொல்ல வேண்டியவர் போலத் தம்பியான ஹரியின் அப்பா பக்கம் சாய்ந்து நாற்காலியை இழுத்துப் பார்த்தார். முனுசாமி கட்டிய கட்டு அசையுமா? இன்னொரு தரம் இழுத்தார். முளைதான் கிரீச்சிட்டது. கடைசியில், இந்தத் தெருவில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், தெலுங்கில் கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "ஆகலேஸ்தாந்திரா."

நான் எல்லைப்பக்கத்துப் பெண். ஐந்தாம் வகுப்புவரை தெலுங்குப் பள்ளி, அதன் பிறகுதான் தமிழ்ப் பள்ளி. பாடப் புத்தகத்தில் வந்த மன்னர்கள் எல்லாம் மறந்துபோனார்கள். 'பசிக்குதுடா' மறக்குமா? கசாயத்தில் போட்ட சுக்கும் திப்பிலியும் வேலையைக் காட்டிவிட்டன. அவ்வளவு நேரம் எனக்குக் கல்மாதிரி தெரிந்த மனுஷர், மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல் வேனில் குலுங்கி வந்த ஒரு வயதானவர் ஆகிவிட்டார். தம்பியும் பாவம், தன் வயிற்றைத் தடவிக்கொண்டே அண்ணனுக்கு ஆறுதல் சொன்னார்: "ஓர்ச்சுகோ அன்னா." கொஞ்சம் பொறுத்துக்கோ அண்ணா என்று.

காற்றடித்த பக்கம்

நான் பாபு மாஸ்டரிடம் ஓடினேன். பந்தலுக்குப் பின்னால் இருந்த எண்ணெய் அடுப்பைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னேன். சாயங்காலம் எங்கள் ஊரில் கடல் காற்று கிழக்கிலிருந்துதான் வரும். மாஸ்டர் என்னை ஒருமாதிரி பார்த்தார். காரணம் சொன்னதும், மறுபேச்சில்லாமல் அடுப்போடு குடிபெயர்ந்தார். முதல் பூரி எண்ணெயில் விழுந்தது. உருளைக்கிழங்கு மசாலில் கறிவேப்பிலை தாளித்த வாசனையும் சேர்ந்துகொண்டு காற்றோடு நேராக முதல் வட்டத்துக்குப் போனது. வெங்கடாத்ரியின் கவசம் உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். துணி எத்தனை மடிப்பாக இருந்தால் என்ன, பூரி வாசனையைத் தடுக்கும் கவசத்தை இன்னும் யாரும் தைக்கவில்லை.

யார் போய்க் கூப்பிடுவது என்று அடுத்த சிக்கல். வீட்டுக்காரர் கூப்பிடாமல் நம்மூரில் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். முனுசாமி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபோர்க்லிஃப்டில் டன் கணக்காகத் தூக்குகிற மனுஷருக்கு அந்த நாலு எட்டு வைக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது? தனலட்சுமிதான் போனார். இலையை ஸ்டூலில் போட்டு, தண்ணீர் தெளித்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பூரியை வைத்தார். குண்டாக, பளபளவென்று, தொட்டால் வெடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வெங்கடாத்ரி அதைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தபடி, "எதுக்கும்மா, பார்சல் கட்டி வேன்ல வச்சுடுங்க. ஊட்ல போயி சாப்டுக்கறோம்" என்றார்.

தனலட்சுமி தன் கவசத்தைச் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆறடி பின்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொள்ளாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "பூரிங்க. ஊட்டுக்குப் போறதுக்குள்ள அமுங்கிப்பூடும்."

உப்பு

பெரியவர் பூரியைப் பார்த்தார். பூரியின் உச்சி லேசாகச் சுருங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தட்டையாகிவிடும், அதற்கப்புறம் பார்சல் கட்டுவதற்கு ஒரு தடையும் இருக்காது. பந்தலே அந்தப் பூரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தைகூட. வெங்கடாத்ரி கவசத்தை ஒரு காதிலிருந்து கழற்றி மறு காதில் தொங்கவிட்டார். ஆள்காட்டி விரலை நீட்டி பூரியை ஒரு குத்து குத்தினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. பிய்த்தார். மசாலில் தோய்த்தார். வாயில் வைத்தார். தம்பி அதற்காகவே காத்திருந்தவர்போல, தன் இலையில் பூரி விழுவதற்கு முன்பே, கொண்டுவந்தவர் தட்டிலிருந்த பூரியில் கை வைத்துவிட்டார். மாஸ்டர் போட்டுப்போட்டு அனுப்பினார். நான் முனுசாமியைப் பார்த்தேன். அவர் பந்தல்காலை இன்னும் விடவில்லை, ஆனால் இப்போது அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது பூரியில் வெங்கடாத்ரி நிமிர்ந்து, முதல் தடவையாகத் தனலட்சுமியை நேராகப் பார்த்து, "மசால்ல உப்பு கொஞ்சம் கம்மிம்மா" என்றார். இத்தனை பாடுபட்டுக் கடைசியில் இதற்கா என்று நினைத்தேன். ஆனால் பந்தலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யோசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேண்டாதவர்கள் வீட்டில் சாப்பிட நேர்ந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று உரிமையாகக் குறை சொல்வது சம்பந்தி ஒருத்தர்தானே? தனலட்சுமி அடுப்பு மறைவுக்கு வந்து, வரும்போதே அழுதுகொண்டு, அதுவரை மேடம் என்று கூப்பிட்ட என் கையைப் பிடித்துக்கொண்டார்: "உப்பு கம்மின்னு சொல்லிட்டாருக்கா!"

ஒரே பூரியில் எல்லாத் தூரமும் போய்விட்டது என்று சொல்ல நான் அவ்வளவு வெகுளி இல்லை. பாக்கித் தூரத்தை ரம்யா அந்த வீட்டுக்குப் போய்த்தான் தினமும் நடந்து கடக்க வேண்டும். ஆனால் அன்றைக்குச் சிக்கல் வேறு திசையில் முளைத்தது. பாபு மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "நானே ருசி பாத்தேம்மா, உப்பு கரெக்டா கீது. பெரிய பேஜாரா பூட்ச்சே! நான் போயி கேக்கறேன், எந்த நாக்குக்குக் கம்மின்னு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைச் சொல்வதற்குள் தனலட்சுமி அவர் வழியை மறித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே கும்பிட்டார்: "மாஸ்டரே, கம்மியாவே இருக்கட்டும்! கல்யாணத்துக்கும் நீயே வந்து இதே மாதிரி கம்மியாப் போடு!"

தொழிலில் பேர் வாங்கப் பல வழிகளை மஸ்கட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். உப்பைச் சரியாகப் போட்டுவிட்டு, கம்மிதான் என்று சந்தோஷமாகத் தலைகுனிந்து நிற்பதைக் கவரைப்பேட்டையில்தான் கற்றுக்கொண்டேன்.